ஏற்ற இறக்கம் சாரின் விரல்

தண்ணீர் பாட்டில் நிறைந்துகொண்டிருக்கிறது. அவர் பாட்டிலைப் பார்ப்பதில்லை. கண்ணை மூடிக்கொண்டு குழாய்ப் பக்கம் காதைச் சாய்த்து நிற்கிறார். வலது கை ஆள்காட்டி விரல் இடுப்பிலிருந்து கிளம்பி, மார்பு, தோள், காது என்று மெல்ல மேலே போகிறது.

"ஏறுது... ஏறுது... இன்னும் ஏறுது... போதும்!"

குழாயை மூடுகிறார். தண்ணீர் சரியாகப் பாட்டிலின் கழுத்தில் வந்து நிற்கிறது. பின்னால் காலி பாட்டில்களோடு காத்திருக்கும் வரிசையில் யாரோ பெருமூச்சு விடுகிறார்கள். திரும்பாமலே விரலைத் தோளிலிருந்து இடுப்புக்கு இறக்கிக் காட்டுகிறார்.

"இந்தப் பெருமூச்சு மேலேருந்து கீழ எறங்குது. சலிப்பு. யாருன்னு கேக்கல, சும்மா சொன்னேன்."

லிஃப்ட் செய்யும் கம்பெனி ஒன்றில் அவர் ஒலிப் பிரிவின் தலைவர். பிரிவில் ஆள் மொத்தமே இரண்டு பேர்தான்: அவர், அவருக்குக் கீழே ஓர் இளம் பெண் பொறியாளர். லிஃப்ட் வந்து நிற்கும்போது அடிக்கும் மணி, கதவு மூடும்போது பேசும் குரல், ஆள் அதிகமானால் கிளம்பும் அலறல் எல்லாமே அவர் காதைத் தாண்டித்தான் வெளியே போகும். அலுவலகத்தில் அவருக்கு ‘ஏற்ற இறக்கம் சார்’ என்று பெயர். முதுகுக்குப் பின்னால் வைத்த பெயர்தான். ஒரு நாள் அவர் காதில் விழுந்துவிட்டது. கோபித்துக்கொள்வார் என்று எல்லோரும் நடுங்கினார்கள். அவரோ, "பேரு நல்லாத்தான் இருக்கு. ‘எறக்கம்’னு சொல்றப்ப குரலும் எறங்கணும், நீங்க ஏத்திட்டீங்க" என்று திருத்திக் கொடுத்துவிட்டுப் போனார். அன்றிலிருந்து நேரிலேயே அப்படித்தான் கூப்பிடுகிறார்கள்.

உலகத்தில் உண்டாகிற எந்த ஒலியும் ஒன்று ஏறும், இல்லாவிட்டால் இறங்கும் என்பது சாரின் சித்தாந்தம். ஏறினால் அதற்கு ஒரு பொருள், இறங்கினால் வேறொரு பொருள். கெட்டிலில் தண்ணீர் கொதிக்கும் சத்தத்துக்கு விரல் ஏறும். தெருவில் ஆம்புலன்ஸ் கடந்து போனால், உள்ளே இருப்பவருக்கு என்ன ஆச்சோ என்று மற்றவர்கள் பதறுவார்கள். சார் விரலை இறக்கி, "கரெக்டா எறங்கிப் போறான்" என்பார். கல்யாணமான புதிதில், வீட்டில் நாலு நாள் தங்க வந்த மச்சானின் குறட்டைக்கு மறுநாள் காலையிலேயே சான்றிதழ் கொடுத்தார். "மூச்ச இழுக்கறப்ப ஏறுது, விடறப்ப எறங்குது. ஒழுங்கான கொறட்டை மாப்ள. மனசுல கள்ளம் இல்லாத ஆளுக்குத்தான் இப்படி வரும்." மச்சான் அன்று மாலையே மூட்டையைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

குரல் கொடுக்க வந்த அம்மாள் பட்ட பாட்டைத் தனியாகச் சொல்ல வேண்டும். ‘கதவு மூடுகிறது’ என்று இரண்டே வார்த்தைதான். காலையில் ஒலிப்பதிவு அறைக்குள் போனவர் மதியச் சாப்பாட்டு மணி அடித்தும் வெளியே வரவில்லை.

"கடைசில ஏறுதும்மா. ஏறினா கேள்வி மாதிரி இருக்கு. மூடறோமா இல்லையான்னு கதவுக்கே சந்தேகம் வந்துடும்."

"எறக்கித்தானே சார் சொன்னேன்?"

"பாத்தீங்களா, இதுவும் ஏறுது."

கடைசியில் அந்த அம்மாள் பசியிலும் ஆத்திரத்திலும் தொண்டை அடைக்க, இனி என்னால் முடியாது என்கிற தொனியில், "கதவு மூடுகிறது" என்றார். சார் துள்ளிக் குதித்து எழுந்தார். அந்த அழுகைக் குரல்தான் இன்றைக்கும் பல கட்டடங்களில் கதவை மூடிக்கொண்டிருக்கிறது.

அலுவலகத்தோடு இது நின்றிருந்தால் தேவலை. சாரின் மனைவி மருந்துக் கடை ஒன்றில் மருந்தாளுநர். கலகலப்பானவர். பேச ஆரம்பித்தால் குரல் படிக்கட்டில் ஓடிப் பிடித்து விளையாடும். மூன்று வருஷத்துக்கு முன்னால் கம்பெனி முதலாளி குடும்பத்தோடு வீட்டுக்கு வந்திருந்தபோது, மனைவி சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்து, "எல்லாருக்கும் டீ போடட்டுமா?" என்று கேட்டார். சாரின் விரல் தானாக எழுந்தது. முதலாளிக்குத் தன் காதின் வல்லமையைக் காட்டக் கிடைத்த வாய்ப்பை விட அவருக்கு மனசில்லை.

"கவனிச்சீங்களா சார்? ‘போடட்டுமா’ல கடைசில ஒரு ஏத்தம் இருக்கு பாருங்க. அது கேள்வியோட ஏத்தம் இல்ல. சலிப்போட ஏத்தம். இவளுக்கு இப்ப டீ போட இஷ்டமில்ல."

முதலாளி சிரித்தார். முதலாளியின் மனைவி தரையைப் பார்த்தார். டீ வந்தது. யாரும் குறை சொல்ல முடியாத டீ.

மறுநாள் காலையிலிருந்து அந்த வீட்டில் ஒரே சுரம்தான். "காபி இருக்கு." "குளிக்கத் தண்ணி ரெடி." "நான் கடைக்குப் போறேன்." ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. ஸ்கேல் வைத்துக் கோடு போட்டது போல ஒரு குரல். கேள்விகூட அதே கோட்டில்தான் வரும். "ராத்திரி சப்பாத்தியா." கேள்விக்குறி இருக்கிறதா இல்லையா என்று சார்தான் யூகிக்க வேண்டும். அவருக்கு அதில் வருத்தமே தோன்றவில்லை. ரொம்பப் பெருமையாக அலுவலகத்தில் சொன்னார்: "இப்பத்தான் எங்க வீட்ல பேச்சு ஒழுங்குக்கு வந்திருக்கு."

வேறு ஊரில் இருக்கும் மகள் போனில் கேட்டாள்: "என்னப்பா, அம்மா ரெக்கார்டு பண்ணி வச்ச மாதிரி பேசறாங்க? ‘நீங்கள் தொடர்பு கொள்ளும் வாடிக்கையாளர்’னு அடுத்து சொல்லிடுவாங்களோன்னு பயமா இருக்கு."

"பக்குவம்மா அது" என்றார் சார்.

"இல்லப்பா. அம்மா உங்ககிட்ட பேசறத நிறுத்திட்டாங்க. சத்தம் மட்டும்தான் வருது" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள். அவள் கடைசி வாக்கியம் முழுக்க இறங்கியே வந்தது என்பதைச் சார் குறித்துக்கொண்டார். என்ன சொன்னாள் என்பது உறைக்க அவருக்கு இன்னும் காலம் பிடித்தது.

இந்த நிலையில்தான் எட்டு மாடிக் கட்டடத்தின் ஒப்பந்தம் வந்தது. கம்பெனிகள், வக்கீல் அலுவலகங்கள், பல் ஆஸ்பத்திரி, கண்ணாடிக் கடை எல்லாம் குடியேறப் போகிற புதுக் கட்டடம். இரண்டு லிஃப்ட். முதலாளி, மணி பிரமாதமாக இருக்க வேண்டும் என்றார். இந்த ஒரு வார்த்தைக்காகவே பிறந்தவர் போலச் சார் வேலையில் இறங்கினார்.

சாதாரண டிங்-டாங் அவருக்குப் பிடிக்காது. "ஒத்தச் சுரம் ஏழைச் சுரம். அரண்மனைக் கதவு தெறக்கிற மாதிரி இருக்க வேணாமா?" அதனால் ஒரே சுரத்தை அடித்தொண்டைக் கனத்திலிருந்து சீட்டியின் உச்சி வரை அடுக்கடுக்காக ஒன்றின் மேல் ஒன்று வைத்தார். ஒன்றாக ஒலித்தபோது மார்பெலும்பு அதிர்ந்தது. அதற்கு அடுத்த சுரமும் அதே மாதிரி அடுக்கு. இரண்டுக்கும் இடையே தூரம் எவ்வளவு? ஒரு படி ஏறினால் முட்டிவலிக்காரர் ஏறுவது போல இருக்கிறது என்று இரண்டு படி வைத்தார். அதுவும் போதவில்லை. தாண்டித் தாண்டி, ஒரு ஸாவிலிருந்து அடுத்த ஸா வரை உள்ள தூரத்தில் சரிபாதியில் கொண்டுபோய் நிறுத்தினார். "இதுதான் தாவல்! செவிடனுக்குக்கூட ஏறுதுன்னு தெரியும்." மேலே போகும் பெட்டிக்கு அந்தத் தாவல். கீழே போகும் பெட்டிக்கு அதையே திருப்பிப் போட்டது.

அதோடு விட்டிருந்தாலும் பிழைத்திருப்பார். லிஃப்ட் கதவுக்கு மேலே எரியும் அம்புக்குறி விளக்குகளையும் எடுக்கச் சொல்லிவிட்டார். "கண்ணுக்கு ஏற்கெனவே ஏகப்பட்ட வேலை. காதச் சும்மா வச்சிருக்கோம். மணியே வாயத் தெறந்து சொல்றப்ப அம்பு எதுக்கு?" விளக்குச் செலவு மிச்சம் என்றதும் முதலாளிக்கும் அந்தத் தத்துவம் பிடித்துப்போனது.

ஒப்புதல் கூட்டத்தில் மணியை அடித்துக் காட்டினார். மேசையைச் சுற்றிப் பெரிய மனிதர்கள் உட்கார்ந்திருந்தார்கள். முதல் சுரம் ஒலித்தபோது விரல் இடுப்பில் இருந்தது. இரண்டாவது ஒலித்தபோது காதுக்குப் பக்கத்தில் இருந்தது. "ஏறுதா?" "ஏறுது, ஏறுது" என்று எல்லோரும் தலையாட்டினார்கள். திருப்பிப் போட்டார். விரல் இறங்கியது. "எறங்குதா?" "எறங்குது, எறங்குது." இளம் பொறியாளர் மட்டும் ஏதோ சொல்ல வாயெடுத்துவிட்டு, முதலாளியும் தலையாட்டுவதைப் பார்த்து, தானும் ஆட்டிவைத்தார்.

கட்டடம் திறந்த அன்றே அமர்க்களம். மொட்டை மாடிக்குப் போக நினைத்தவர் கார் நிறுத்தும் நிலவறையில் போய் நின்றார். வீட்டுக்குக் கிளம்பியவர்கள் எட்டாவது மாடியைச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்தார்கள். வேலைக்கு நேர்காணல் என்று டை கட்டி வந்த ஒருவர் மேலும் கீழும் போய்க் களைத்து, அந்தக் கம்பெனி கிடைக்காமல், வழியில் அகப்பட்ட வேறொரு கம்பெனியில் வேலை கேட்டுச் சேர்ந்துவிட்டதாகப் பேச்சு. வேடிக்கை என்னவென்றால், எல்லோரும் தவறாகப் போகவில்லை. பாதிப் பேர் சரியாகவே போனார்கள். சரியாகப் போனவர்கள் தவறாகப் போனவர்களைப் பார்த்துச் சிரிக்க, ஒரே வாரத்தில் கட்டடம் ஏறு கட்சி, இறங்கு கட்சி என்று இரண்டாகப் பிரிந்தது. பத்து வருஷம் ஒரே மேசையில் சாப்பிட்ட இரண்டு வக்கீல்கள் லிஃப்ட் வாசலில் சட்டையைப் பிடித்துக்கொண்டார்கள்.

கட்டட மேலாளர் ஒவ்வொரு மாடியிலும் ஒரு காவலாளியை நிறுத்தி, பெட்டி வரும்போது ‘மேல’, ‘கீழ’ என்று கத்தச் சொன்னார். அவர்களுக்கும் காது உண்டு என்பதை அவர் யோசிக்கவில்லை. மூன்றாம் மாடிக் காவலாளி ‘மேல’ என்று கத்திய பெட்டியைப் பார்த்து நாலாம் மாடிக் காவலாளி ‘கீழ’ என்று கத்தினார்.

சார் கொதித்தார். வயரை மாற்றிக் கொடுத்துவிட்டார்கள் என்று பொறியாளரையும் இழுத்துக்கொண்டு கட்டடத்துக்கு ஓடினார். மூன்றாம் மாடியில் நின்று கண்ணை மூடினார். மணி அடித்தது, விரல் ஏறியது, பெட்டியும் ஏறியது.

"வயர் சரியாத்தானே இருக்கு? அப்புறம் என்னவாம் இவனுங்களுக்கு?"

"எனக்கும் எறங்குது சார்" என்றார் பொறியாளர், சுவரைப் பார்த்துக்கொண்டு.

"என்னது?"

"முதல் நாள்லேருந்தே எறங்கிட்டுத்தான் இருக்கு."

"அன்னிக்குக் கூட்டத்துல ஏறுதுன்னு தலையாட்டினியேம்மா!"

"நீங்க விரல மேல காட்டினீங்களே சார்."

சாருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. விரல் மட்டும் அந்தரத்தில் நின்றது.

முதலாளி பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு பெண் ஆராய்ச்சியாளரை வரவழைத்தார். காது எப்படிக் கேட்கிறது, மூளை அதை எப்படிப் புரிந்துகொள்கிறது என்பதே அவர் வேலை. மெலிந்த தேகம், மெதுவான பேச்சு. அதே மேசை, அதே மனிதர்கள். வந்ததும் அவர் செய்த முதல் காரியம், சாரைப் பார்த்து, "உங்க கைய மட்டும் மேசைக்கு அடியில வச்சுக்கறீங்களா?" என்று கேட்டதுதான். சார் வைத்துக்கொண்டார். மணி அடித்தது. ஏறுகிறது என்று பாதிக் கைகள் உயர்ந்தன. இறங்குகிறது என்று மீதிக் கைகள் உயர்ந்தன. இரண்டாவது கும்பலில் முதலாளியின் கையும் இருந்தது.

"இதுல யார் மேலயும் தப்பு இல்ல" என்றார் ஆராய்ச்சியாளர். "கடிகாரத்துல பன்னெண்டுலேருந்து ஆறுக்குப் போகணும்னு வைங்க. வலப்பக்கமாப் போனாலும் அதே தூரம், எடப்பக்கமாப் போனாலும் அதே தூரம். இந்த மணியும் அப்படித்தான். எல்லா உயரத்துலயும் சுரத்த அடுக்கி வச்சுட்டீங்க. சரியாப் பாதி தூரம் தாவ வேற விட்டுட்டீங்க. ஏறிச்சா எறங்கிச்சான்னு இந்தச் சத்தத்துல இல்லவே இல்ல. கேக்கறவங்க மூளை தானா ஒரு பக்கத்த முடிவு பண்ணிக்குது."

"எத வச்சு முடிவு பண்ணுது?" என்றார் கட்டட மேலாளர்.

"சின்ன வயசுல நம்மளச் சுத்தி இருந்தவங்க பேசின பேச்சுக்கு இதுல பங்கு இருக்குன்னு ஆராய்ச்சி பண்ணவங்க சொல்றாங்க. அவங்க குரல் எந்த உயரத்துல ஏறி எறங்கிச்சோ, அதுவே மூளைக்குள்ள அளவுகோலா நின்னுடுமாம். வேற எடத்துல வளந்தவங்களுக்கு வேற அளவுகோல்."

"அப்ப யாரு சரி?" என்றார் சார்.

"ரெண்டு பேரும்தான்."

"ரெண்டு பேரும் சரின்னா எனக்கு எதுக்கும்மா சம்பளம்?"

முதலாளி நிமிர்ந்து உட்கார்ந்தார். அந்தக் கேள்வி அவருக்கும் நல்ல கேள்வியாகப் பட்டது. ஆனாலும் பழைய ஆள், போகட்டும் என்று விட்டுவிட்டார். விளக்குகளைத் திரும்பப் போடுவது என்று தீர்மானமாயிற்று. அவை எங்கிருந்தோ கப்பலில் வர வேண்டும். வரும்வரை இருக்கிற மணி இருக்கட்டும். ஒலிப் பிரிவு அறையில் பாதியைத் தடுத்து விளக்குப் பிரிவு என்று பலகை மாட்டினார்கள்.

அன்று சாருக்குத் தலை விண்விண் என்று தெறித்தது. அலுவலகத்திலிருந்து நேரே மனைவியின் கடைக்கு நடந்தார். வாசலில் எடை பார்க்கும் இயந்திரத்தின் பக்கம் வந்ததும் கால் நின்றுவிட்டது. உள்ளே மனைவி ஒரு முதியவருக்கு மாத்திரை கொடுத்துக்கொண்டிருந்தார்.

"வெள்ளை மாத்திரை காலைல. மஞ்சள் ராத்திரி. வெறும் வயத்துல போட்டுடாதீங்க, சாப்பிட்டுத்தான், சரியா? போன தடவ மாதிரி மறந்துட்டு வந்து நின்னீங்க, அப்புறம் நான் சண்டை போடுவேன், சரியா?"

‘சரியா’ என்ற இடத்தில் குரல் கடைசியில் ஒரு துள்ளு துள்ளி ஏறியது. ‘டீ போடட்டுமா’வில் இருந்த அதே ஏற்றம். இம்மியும் மாறவில்லை. சாரின் காதுக்கு அது நன்றாகத் தெரிந்தது. முதியவர் பொக்கை வாயால் சிரித்து, "சரிம்மா, சரிம்மா" என்று மாத்திரையைப் பத்திரமாகப் பையில் போட்டுக்கொண்டு போனார். சலிப்பைக் கேட்டு யாரும் அப்படிச் சிரிக்கமாட்டார்கள். அன்பாகக் கேட்பதற்கு மனைவி பிறந்து வளர்ந்த வீட்டில் குரல் அப்படித்தான் ஏறும் போலிருக்கிறது. இத்தனை வருஷம் குடித்தனம் நடத்தியும் சாருக்கு இது தெரிந்திருக்கவில்லை.

உள்ளே போனார். மனைவி நிமிர்ந்து பார்த்தார்.

"வாங்க."

ஒரே கோடு. ஊரில் யார் யாருக்கோ கிடைக்கிற குரல் தனக்கு மட்டும் இல்லை. தன்னிடமிருந்து அதைப் பறித்துக்கொண்டவரும் தானேதான். மகள் போனில் சொன்னது அப்போதுதான் அவருக்குப் புரிந்தது. அழுகை வந்தது. தலைவலி மாத்திரை கேட்டு வாங்கி, அதை விழுங்குகிற சாக்கில் சமாளித்துக்கொண்டார்.

அன்று ராத்திரி வீட்டில் சாப்பாட்டு மேசையில் போனை வைத்து மணியை அடித்துக் காட்டினார். மேலே போகும் மணி.

"இது ஏறுதா, எறங்குதா?"

"நீங்களே சொல்லுங்க." கோடு.

"இல்ல, உன்னத்தான் கேக்கறேன்."

மனைவி முதலில் பார்த்தது அவர் வலது கையைத்தான். கை காணவில்லை. சார் அதன் மேல் உட்கார்ந்திருந்தார். மனைவி இன்னொரு முறை போடச் சொன்னார். தலையைச் சாய்த்துக் கேட்டார்.

"எறங்குது."

"எனக்கு ஏறுது" என்றார் சார். "நல்லாக் கேட்டுப் பா..." பாதியில் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"நல்லாக் கேட்டுத்தாங்க சொல்றேன், எறங்குது! உங்களுக்கு ஏறினா ஏறிட்டுப் போகட்டும், எனக்கு எறங்குது! சாப்பாடு ஆறுது, சாப்பிடுங்களேன்?"

கடைசி வார்த்தை துள்ளி ஏறியது. தொடைக்கு அடியில் விரல் துடித்தது. சார் இன்னும் கொஞ்சம் அழுத்தி உட்கார்ந்துகொண்டு இடது கையால் சாப்பிட்டார். மனைவி அதைப் பார்த்துவிட்டு இன்னொரு கரண்டி சோறு வைத்தார். அன்றைக்குச் சாப்பாடு அமிர்தமாக இருந்தது.

அந்தச் சந்தோஷத்தை ஒரு நாளாவது வாய்க்குப் பூட்டுப் போட்டுக் காப்பாற்றியிருக்கலாம். காலையில் எழுந்ததும், பாராட்டுவதாக நினைத்துக்கொண்டு, "நேத்து ‘சாப்பிடுங்களேன்’ல குரல் என்ன அழகா ஏறிச்சு தெரியுமா உனக்கு? இவ்வளவு தூரம்!" என்று விரலைத் தூக்கி அளந்து காட்டிவிட்டார்.

"காபி இருக்கு" என்றார் மனைவி. பழைய கோடு.

குளியலறைக்குள் போய்க் கண்ணாடியைப் பார்த்துத் தன்னையே திட்டிக்கொண்டார் சார். அந்த வசவுகூட ஏறுகிறதா இறங்குகிறதா என்று காது பாட்டுக்குக் கவனித்துக்கொண்டிருந்தது.

இது நடந்து ஒரு மாதம் இருக்கும். மனைவிக்குக் கடைவாய்ப் பல்லில் வலி. நல்ல பல் ஆஸ்பத்திரி என்று எல்லோரும் சொன்னது, சொல்லிவைத்தாற்போல, அந்தக் கட்டடத்தின் ஐந்தாம் மாடியில் இருந்தது. போகும்போது சார் படியேறிப் போகலாம் என்றார். பல்லைப் பிடுங்கிக்கொண்டு வரும்போது மனைவி படியைப் பார்த்துத் தலையாட்டி மறுத்துவிட்டார். லிஃப்டுக்காக நின்றார்கள். விளக்குகள் இன்னும் கடலில்தான் இருந்தன. ஐந்தாம் மாடிக் காவலாளி டீ குடிக்கப் போயிருந்தார், நாற்காலியில் அவர் தொப்பி மட்டும் உட்கார்ந்திருந்தது.

மனைவிக்குப் பாதி வாய் மரத்திருந்தது. கன்னத்தைக் கையால் தாங்கிக்கொண்டு பல் வைத்தியர் சொன்னதையெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். மரத்த வாயை வைத்துக்கொண்டு குரலைக் கோட்டில் நிறுத்தி வைப்பது முடிகிற காரியமா? அது பாட்டுக்கு ஏறியது, இறங்கியது, வழுக்கியது. "ழெண்டு நாள் சூடா எதுவும் குழிக்கக் கூழாதாம், கேட்டீங்களா?" சார் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். வாழ்நாளில் அவ்வளவு கவனமாக அவர் எதையும் கேட்டதில்லை.

மணி அடித்தது. அரண்மனைக் கதவு திறந்தது. யாரோ இருவர் இறங்கி வெளியே போனார்கள்.

சாரின் விரல் பாதி ஏறிவிட்டது. மேலே போகும் மணி. அதை அடுக்கடுக்காகக் கட்டியவர் அவர். அந்தக் கட்டடத்தில் அந்த மணி எந்தப் பெட்டிக்கு என்று சந்தேகமில்லாமல் தெரிந்த ஒரே ஆள் அவர்தான். வாயைத் திறந்து சொன்னால் இந்த ஒரு முறை அவர் சொன்னதுதான் சரியாக இருக்கும்.

"எழங்குதுங்க!" மனைவி அதற்குள் உள்ளே போய் நின்று, மரத்த வாயோடு கோணலாகச் சிரித்துக் கூப்பிட்டார். "வழ்ழீங்களா?"

கடைசியில் அந்தத் துள்ளல். சார் உள்ளே போனார். பசியில் அழுத அம்மாள் கதவை மூடினார். பெட்டி கிளம்பியது. பெட்டிக்குள் கதவுக்கு மேலே எரிந்த எண் ஆறு ஆயிற்று, பிறகு ஏழு. மனைவி எண்ணைப் பார்த்தார், புருவத்தைச் சுருக்கினார், மெல்லத் திரும்பிக் கணவரைப் பார்த்தார்.

சார் கண்ணை மூடிக்கொண்டு நின்றார். வலது கை ஆள்காட்டி விரல் மார்பிலிருந்து வயிறு, வயிற்றிலிருந்து இடுப்பு என்று மெல்லக் கீழே இறங்கிக்கொண்டிருந்தது.